ஜெஞ்சாரோமுக்குப் போன யானைப் படை

உயிருக்கு விலை கிடையாது என்று சொல்பவர்கள் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்து பார்த்ததில்லை. ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய சந்தில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில், விலைப்பட்டியல் அச்சடித்துச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. கிளி பத்து. மான் இருபது. மயில் இருபத்தைந்து. ஓநாய் நாற்பது. யானை நூற்றிருபது. ராஜா யானை இருநூற்று நாற்பது. எல்லாம் புள்ளிக் கணக்கு. ஆயிரம் புள்ளிக்குள் எந்த உயிரை வேண்டுமானாலும் எடுத்துப் படை சேர்க்கலாம். சேர்த்ததைக் கட்டைவிரல் உயரப் பொம்மைகளாக மேசைமேல் நிறுத்தி, பகடை உருட்டி, எதிராளியின் படையோடு மோதவிடலாம். ஆட்டத்தின் பெயர் ரிம்பா, மலாய்க்காரர் காட்டுக்குச் சொல்லும் பெயர். உருவாக்கியவன் கிஷன். வாரநாளில் அவன் இன்சூரன்ஸ் விற்கிறவன். உயிருக்கு விலை போடும் பழக்கம் அவனுக்கு அங்கிருந்து வந்தது.

அந்த மாடியில் எட்டு இருக்கை. ஒன்றில் சிவநேசன் உட்கார்ந்திருந்தார், நூல் தொங்கும் பொத்தான் மாதிரி.

சிவநேசனுக்கு நாற்பத்து நான்கு வயது. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் சேலைக்கடை. தாத்தா தலையில் சுமந்து விற்றார், அப்பா சைக்கிளில் விற்றார், இவர் ஏர்கண்டிஷன் போட்டு விற்கிறார். பத்து வயதிலேயே, ஒரு பெண்மணி "சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்று சொல்லும் தொனியை வைத்து, அவள் எத்தனை சேலை வாங்கிப் போவாள் என்று சொல்லக் கற்றவர். அப்படிப்பட்டவர் ரிம்பாவில் பத்தொன்பது ஆட்டம் ஆடி, பத்தொன்பதிலும் தோற்றிருந்தார்.

மூளைக்குறைவு இல்லை. வண்ணம்தான் காரணம். ரிம்பாவின் முதல் விதி, வண்ணம் தீட்டாத பொம்மை மேசை ஏறக்கூடாது. மற்றவர்கள் டப்பாவில் வரும் சாம்பல் நிறத்தை யானைமேல் பூசிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். சிவநேசனால் முடியவில்லை. சேலைக்கடையில் பிறந்தவனுக்கு சாம்பல் ஒன்றா? மழைக்கு முந்தின சாம்பல், அடுப்புச் சாம்பல், புறாக்கழுத்துச் சாம்பல், துவைத்துத் துவைத்துச் சாம்பலான கறுப்பு என்று அவரிடம் ஏழு இருந்தன. பட்டுத் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு காதுக்கு ஒரு வாரம் எடுத்தார். மயில் வந்தபோது நிலைமை முற்றியது. மயில்கழுத்துப் பட்டில் நீளவாட்டு இழையான பாவு நீலம், குறுக்கிழையான ஊடை பச்சை. இந்தப் பக்கம் பார்த்தால் நீலம், அந்தப் பக்கம் திருப்பினால் பச்சை. அதையே ஒரு சுண்டுவிரல் கழுத்தில் கொண்டுவர, நுனியில் நாலே மயிர் உள்ள பிரஷால் இடமிருந்து நீலமும் வலமிருந்து பச்சையுமாக இழை இழையாக இழுத்தார். ஒரு மயிலுக்குப் பதினோரு நாள்.

அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அரைப் படையோடு போனார். ஆயிரம் புள்ளி எதிரே நிற்க, இவர் நானூறோடு நிற்பார். யானையின் ஒரு காது மட்டும் அற்புதமாக இருக்கும்.

கிஷன் இன்னொரு விதியும் வைத்திருந்தான். இரண்டு சீசன், ஆக இருபது ஆட்டத்தில், ஒரு வெற்றிகூட இல்லாதவர் இருக்கையைக் காலி செய்ய வேண்டும். வெளியே பதினொரு பேர் வரிசையில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குச் சிவநேசனின் இருபதாவது ஆட்டம். எதிராளி ஃபர்ஹானா, பல் டாக்டர், இந்த சீசனில் யாரிடமும் தோற்காதவள்.

இருக்கை போனால் போகிறது என்று மனைவி புனிதா சொன்னாள். சிவநேசனுக்கு அப்படி விட முடியவில்லை. வாரம் ஆறு நாள் அவர் உட்காரும் ஜமுக்காளத்தில் எதிரே இருப்பவர் எல்லாம் வாடிக்கையாளர். அவர்கள் பொய் சொல்வார்கள், இவரும் பொய் சொல்வார், கடைசியில் கைகூப்பிப் பிரிவார்கள். அந்த மாடியில் மட்டும்தான் ஒரு மனுஷி அவர் கையில் இருக்கும் மானை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, விலை கேட்காமல், "எப்படி அண்ணே இந்த முதுகு?" என்று கேட்பாள். அதற்கு அவர் உண்மையைச் சொல்லலாம்.

அதனால் மூன்று மாதம் கடையின் பின்னறையில் பசியோடு உழைத்தார். சனிக்கிழமை மதியம், வாழ்நாளில் முதல்முறையாக, படை முழுதும் முடிந்தது. ராஜா யானை ஒன்று, யானை மூன்று, மான் ஒன்பது, மயில் நான்கு, கிளி பன்னிரண்டு. கூட்டினால் சரியாக ஆயிரம். பட்டுக் காகிதம் சுற்றி, கைக்கெட்டிய நாலு சேலைப் பெட்டியில் அடுக்கி, ரிப்பன் கட்டி, மேலே பென்சிலால் எழுதினார். யானை. மான். மயில். கிளி. எழுதிவிட்டு, பெருமிதத்தில் கால் தரையில் படாமல், முடி வெட்டப் போனார்.

இங்கேதான் படித்தவர் செய்யாத, சேலைக்கடைக்காரர் மட்டுமே செய்யக்கூடிய பிழை நடந்தது. சேலைக்கடையில் யாரும் நிறத்தின் பெயரை முழுசாக எழுதுவதில்லை. யானைக் கலர் என்றால் யானை. மான் கலர் என்றால் மான். மயில்கழுத்து மயில், கிளிப்பச்சை கிளி. கடையே ஒரு விலங்குக் காட்சிசாலை. அன்று மாலை ஜெஞ்சாரோம் கல்யாண ஆர்டர் வேனில் ஏறிக்கொண்டிருந்தது. இருபது வருஷமாகக் கடையில் இருக்கும் தாயம்மாள் பின்னறை மேசையில் நாலு பெட்டி தனியாக இருப்பதைப் பார்த்தாள். நம்ம முதலாளி மறந்துட்டாரு, பாவம் என்று ஏற்றிவிட்டாள்.

ஞாயிறு காலை எட்டரைக்கு சிவநேசன் மேசையைப் பார்த்தார். மேசை அவரைப் பார்த்தது.

"தாயம்மா, இங்க இருந்த நாலு பெட்டி?"

போனில் தாயம்மாள் குரல் தெளிவாக வந்தது. "ஜெஞ்சாரோம் ஆர்டர்தானே முதலாளி. நேத்தே போயிருச்சு. செம வெயிட்டு. அசல் ஜரிகைன்னு நெனைச்சேன்."

"அது யானை, தாயம்மா."

"ஆமா முதலாளி, யானை, மான், மயில், கிளி. நானே படிச்சுப் பாத்துத்தான் ஏத்துனேன்."

சிவநேசன் போனை மெதுவாக வைத்தார். கோபப்பட வழியே இல்லை. எழுதியிருந்ததை அவள் சரியாகத்தான் படித்திருந்தாள்.

ஜெஞ்சாரோம் ஆர்டர் என்றால் பவுனம்மாள் ஆர்டர். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே பன்னிரண்டு ஏக்கர் வாழை வைத்து, கிள்ளான் பாசாரில் மொத்த வியாபாரம் செய்பவர். அண்ணன் மகள் மலர்விழிக்குக் கல்யாணம் என்று இரண்டு வாரம் முன்பு கடைக்கு வந்தார். காலை பத்துக்கு உட்கார்ந்து, மதியம் இரண்டுக்கு எழுந்தார். இடையில் விலை படியவில்லை என்று மூன்று முறை செருப்புப் போட்டு வெளியே போனார், இரண்டு முறை சிவநேசனே ஓடிப் போய்க் கூப்பிட்டார். அன்று இரவு சிவநேசன் சாப்பிடாமல் படுத்தார்.

கடை வேனை ஓட்டிக்கொண்டு ஜெஞ்சாரோம் போய்ச் சேர்ந்த சிவநேசனுக்கு, கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் நாதஸ்வரம் காதைப் பிடித்தது, அடுத்து சீர்வரிசை கண்ணைப் பிடித்தது. சிவப்பு விரிப்பு போட்ட நீள மேசையில் இருபத்தோரு தட்டு. வெற்றிலைத் தட்டில் அவருடைய ஒன்பது மானும் மேய்ந்துகொண்டிருந்தன. பழத்தட்டில் ஆப்பிளுக்கு ஒன்றாக நாலு மயில். பன்னிரண்டு லட்டில் பன்னிரண்டு கிளி, கழுத்தளவு அழுத்தி வைத்து, கூட்டிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல. நடுத்தட்டில், தாலிச் செயினுக்குப் பக்கத்தில், ராஜா யானை. நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். மற்ற மூன்று யானைக்கும் ஆளுக்கொரு மல்லிகை.

நாற்பது பேர் கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க தம்பி," என்று பவுனம்மாள் வந்தார். அரக்குப் பட்டு, இவர் கடையுடையதுதான், இவர் நஷ்டத்தில் கொடுத்தது. சுற்றியிருந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் திரும்பினார். "இவருதான். நான் அன்னிக்குக் கொஞ்சம் கறாரா பேசிட்டேன்னு மனசு கேக்காம, கையாலயே பெயிண்ட் பண்ணி, நாலு பெட்டி, சும்மா அனுப்பியிருக்காரு. செந்தூல்ல இருந்து வந்த டெக்கரேட்டரு தட்டுக்கு எழுபது வெள்ளி கேட்டான். இதப் பாத்துட்டுப் பேசாமப் போயிட்டான் லா."

மாப்பிள்ளை வீட்டார் சிவநேசனைப் பார்த்துக் கும்பிட்டார்கள். சிவநேசனும் கும்பிட்டார். கும்பிட்ட கைகளுக்குள் பதில் தேடினார்.

விற்கும் பக்கம் உட்கார்ந்தே வளர்ந்தவருக்கு வாங்கும் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாது. வாங்குபவன் முதலில் செய்ய வேண்டியது, வேண்டியதைப் பார்க்காமல் வேறெதையாவது பார்ப்பது. அது அவருக்குப் பாடமாகத் தெரியும். ஆனால் கண் போய் ராஜா யானைமேல் உட்கார்ந்துகொண்டு வர மறுத்தது.

"அக்கா, ஒரு சின்ன விஷயம். அந்த பொம்மைங்க, சும்மா பழசு, பிளாஸ்டிக்கு. தப்பா வந்திருச்சு. அதுக்குப் பதிலா நல்ல வெள்ளிக்கலர் குத்துவிளக்கு…"

பவுனம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். வாழைத்தாரைத் தட்டிப் பார்க்கும் பார்வை அது.

"பழசா?"

"பழசு அக்கா."

"பிளாஸ்டிக்கா?"

"பிளாஸ்டிக்குதான்."

"அப்ப ஏன் தம்பி, புள்ளயத் தொலைச்சவன் மாதிரி வந்து நிக்கிறீங்க? சட்டைப் பொத்தான் கூட மாத்திப் போட்டிருக்கீங்க."

சிவநேசன் குனிந்து பார்த்தார். ஆமாம்.

ஒரு வியாபாரி தோற்றதை உணர்ந்தபின் செய்யக்கூடிய நேர்மையான காரியம் ஒன்றே ஒன்று. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ரிம்பா, ஆயிரம் புள்ளி, பத்தொன்பது தோல்வி, பதினொரு பேர் வரிசை, மயிலுக்குப் பதினோரு நாள், மூன்று மணி. சொல்லச் சொல்ல பவுனம்மாளின் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"நாப்பத்து நாலு வயசுல," என்றார் கடைசியில், "பொம்மை வெச்சு சண்டை போடப் போறீங்க."

"ஆமா அக்கா."

"காசு பந்தயம் உண்டா?"

"இல்லக்கா."

"அப்ப எதுக்கு?"

சிவநேசன் நெற்றி வியர்வையைத் துடைத்தார். பவுனம்மாள் சற்று யோசித்தார். பணம் வராத ஒரு விஷயத்துக்கு இந்த மனுஷன் இப்படி வேர்த்துக் கொட்டுகிறான் என்றால், அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று அவர் முகம் கணக்குப் போட்டது.

"இப்பக் குடுக்க முடியாது தம்பி. தட்டு காலியானா என் மானம் காலி. தாலி ஏறட்டும். பதினொன்னரைக்கு மேல எடுத்துக்குங்க. ஆனா மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ற மாதிரி நல்ல காரணம் ஒன்னு நான் சொல்லிக்குவேன், நீங்க தலைய மட்டும் ஆட்டணும்."

"ஆட்டுறேன்."

"இன்னொன்னு. நானும் வருவேன்."

"எங்கக்கா?"

"சண்டைக்கு. என் கைய விட்டுப் போற பொருள் எங்க போகுதுன்னு பாக்காம நான் ஒரு தாரைக்கூட லோரியில ஏத்துனதில்ல."

பவுனம்மாள் மாப்பிள்ளை வீட்டில் சொன்ன நல்ல காரணம் என்னவென்று சிவநேசனுக்கு முழுசாகத் தெரியவில்லை. தாலி ஏறியதும் தலையை மட்டும் ஆட்டினார். "படைக்குப் போற யானை" என்ற சொல் காதில் விழுந்தது. விருந்து முடிந்து ஒன்றரைக்குக் கிளம்பும்போது நாதஸ்வரக்காரர் முன்னே நடந்தார், நாலு பெண்கள் ஆரத்தித் தட்டோடு வேனைச் சுற்றினார்கள், வேனின் முன் சக்கரத்தில் எலுமிச்சை வைத்தார்கள். லட்டிலிருந்து கிளிகளைத் தோண்டி எடுத்தபோது பதினொன்றுதான் இருந்தது. பன்னிரண்டாவதை மாப்பிள்ளையின் பெரியப்பா வாயிலிருந்து எடுத்து, துடைத்து, மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். வாலில் மட்டும் கொஞ்சம் பச்சை குறைந்திருந்தது.

வேனில் போகும் வழியெல்லாம் பவுனம்மாள் மடியில் ராஜா யானையை வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இந்தப் பக்கம் யானைக்கலரு. அந்தப் பக்கம் திருப்புனா லேசா வாடாமல்லி அடிக்குது."

"ஷாட் கலர் அக்கா. பாவு ஒன்னு, ஊடை ஒன்னு."

"எனக்குக் குடுத்த பட்டுல இது இல்லையே."

சிவநேசன் சாலையைப் பார்த்து ஓட்டினார்.

பிரிக்பீல்ட்ஸில் வண்டி நிறுத்த இடம் தேடுவதே ஒரு போர். இரண்டு ஐம்பத்தெட்டுக்கு மாடி ஏறினார்கள். முன்னால் பட்டுச்சேலையில் பவுனம்மாள், பின்னால் நாலு பெட்டியோடு சிவநேசன், இருவர் மேலும் மல்லிகை வாசம். மாடியில் இருந்த ஏழு பேரும் எழுந்து நின்றார்கள். யாரோ கல்யாணப் பத்திரிகை வைக்க வந்ததாக நினைத்துவிட்டார்கள்.

கிஷன் பூதக்கண்ணாடியோடு படையைப் பரிசோதித்தான். வண்ணம் முழுசா என்று பார்ப்பது அவன் வேலை.

"அண்ணே, நெத்தியில என்ன இது? பெயிண்ட்டா, அழுக்கா?"

"குங்குமம்," என்றார் பவுனம்மாள். "அழுக்குன்னு சொன்ன வாயக் கழுவிக்க தம்பி."

கிஷன் விதிப்புத்தகத்தைப் புரட்டினான். குங்குமத்துக்கு விதி இல்லை. பெயிண்ட் என்று எழுதிக்கொண்டான்.

ஃபர்ஹானா ராஜா யானையைக் கையில் எடுத்தாள். அவளுடைய ஓநாய்ப் படை எதிரே வரிசையாக நின்றது. ஒவ்வொன்றுக்கும் முப்பத்திரண்டுக்குக் குறையாமல் பல், பல்லுக்கு ஈறு, ஈறுக்குச் சிவப்பு. கிளினிக் கருவியாலேயே செய்வாள் என்று பேச்சு. அவள் யானையை விளக்குக்குக் கீழே திருப்பினாள். சாம்பல் வாடாமல்லியாகி, மறுபடி சாம்பலானது.

"அண்ணே," என்றாள் மெல்ல, "இதோட சண்டை போடவே மனசு வரல."

"அப்ப போடாத," என்றார் பவுனம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

"அப்படி முடியாது ஆன்டி. போட்டே ஆகணும்."

ஆட்டம் ஆரம்பித்தது. முழுப் படையோடு நிற்பது எப்படி இருக்கும் என்று சிவநேசனுக்கு இதற்குமுன் தெரியாது. சம்பள நாளில் கடைத்தெருவில் நடப்பது மாதிரி இருந்தது. முதல் சுற்றில் கிளிகளை ஏவினார், ஃபர்ஹானாவின் பத்துப் புள்ளிக் காக்கைகளில் மூன்று செத்தன. இரண்டாவதில் மான்களை ஆற்றோரம் ஓட்டினார். நான்கை ஓநாய் பிடித்தது, ஆனால் அதற்குள் இரண்டு யானை குன்றின்மேல் ஏறிவிட்டன. மாடியே மேசையைச் சுற்றி வந்துவிட்டது. அவருக்குச் சிரிப்பு வந்தது, எதற்கென்று தெரியாமல்.

பவுனம்மாள் எல்லாவற்றுக்கும் விலை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த நரி என்ன விலை?"

"ஓநாய் ஆன்டி. நாப்பது."

"நாப்பதா? எலும்பும் தோலுமா இருக்கு. இருபத்தஞ்சு கூடப் பெறாது."

"பல்லப் பாருங்க ஆன்டி. பல்லுக்கே இருபது."

"அந்த வெள்ளை?"

"அது தலைவன். இருநூறு." இதைச் சொல்லும்போது ஃபர்ஹானா வெள்ளை ஓநாயை ஒரு விரலால் சற்றுப் பின்னால் நகர்த்தினாள். பவுனம்மாள் அதைப் பார்த்துக்கொண்டார்.

நான்காவது சுற்று முடிவில் ஐந்து ஓநாய் போயிருந்தது. சிவநேசனுக்கு ஒரு யானையும் எட்டுக் கிளியும் நாலு மானும் போயிருந்தன. கொன்ற உயிரின் விலையையும் பிடித்த இடத்தின் புள்ளியையும் கூட்டி, கிஷன் பலகையில் எழுதினான். சிவநேசன் முந்நூற்று ஐம்பது. ஃபர்ஹானா முந்நூற்று எழுபது. மிச்சம் நடுவில் இருந்த குட்டை ஒன்று, அறுபது புள்ளி. குட்டையின் இந்தக் கரையில் ராஜா யானை, அந்தக் கரையில் வெள்ளை ஓநாய். கடைசிச் சுற்று. பகடை யாருக்கு விழுகிறதோ அவருக்கே குட்டையும், எதிர்க்கரையில் நிற்கும் தலைவனின் உயிரும்.

சிவநேசன் பகடையை எடுத்தார். பத்தொன்பது ஆட்டத்தில் கடைசிச் சுற்றுப் பகடை அவருக்கு விழுந்ததே இல்லை. பகடைக்கும் அவருக்கும் ஏதோ பழைய பகை.

"தம்பி," என்று பவுனம்மாள் அவர் காதருகே குனிந்தார். "சுவத்துல கடைசி வரில என்னமோ போட்டிருக்கே. டமாய்னா சமாதானந்தானே?"

சிவநேசன் திரும்பிப் பார்த்தார். அந்த விதி அங்கேதான் இருந்தது. கடைசிச் சுற்றுக்கு முன் ஒருவர் 'டமாய்' என்று சொல்லி, எதிராளி ஒப்புக்கொண்டால், பகடை கிடையாது. மிச்ச இடத்தை இருவரும் பேசிப் பிரித்துக்கொள்ளலாம். எந்தப் பங்கீடும் செல்லும். நான்கு வருஷத்தில் ஒருவரும் அதைச் சொன்னதில்லை. பகடை உருட்ட வந்தவர்கள் பகடையைத்தான் உருட்டினார்கள்.

"அவ ஒத்துக்க மாட்டா அக்கா. அவளுக்கு என்ன பயம்?"

"பயம் இல்லாதவ ஏன் வெள்ளைய அஞ்சு தடவை பின்னால தள்ளுறா? நீங்க யானைய பாத்துக்கிட்டே இருந்தீங்க, அவளப் பாக்கல. பொருளப் பாக்குறவன் வாங்குவான், ஆளப் பாக்குறவன்தான் விப்பான். இது கூட நான் சொல்லணுமா, கடைக்காரரே?"

சிவநேசன் நிமிர்ந்து ஃபர்ஹானாவைப் பார்த்தார். ஜமுக்காளத்தின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்ப்பதுபோல, அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். அவள் கண் ஓநாய்மேல் இருந்தது. வாய் சும்மா சிரித்துக்கொண்டிருந்தது. சும்மா பார்க்க வந்தவள் சிரிப்பு.

அவர் பகடையைக் கீழே வைத்தார். "டமாய்," என்றார்.

கிஷன் பேனாவைத் தேடினான்.

"என்ன அண்ணே, பேசணுமா?" என்றாள் ஃபர்ஹானா. ஆனால் பகடையை எடுக்கவில்லை. "சரி. குட்டை அறுபது. எனக்கு நாப்பது, உங்களுக்கு இருபது."

"யானை குடிக்கிற தண்ணி அது. ஓநாய்க்கு எதுக்கு நாப்பது? எனக்கு அறுபதும்."

"அண்ணே, பகல்கொள்ளை இது."

"சரி, கடைய மூடிரலாம். பகடைய எடு." சிவநேசன் பகடை பக்கம் கையை நகர்த்தினார், மிக மெதுவாக, பட்டை மடித்து அலமாரியில் திரும்ப வைக்கும் வேகத்தில்.

"இருங்க இருங்க. முப்பது முப்பது."

"முப்பதுக்கு மான் கூட எறங்காது."

"மானே நாலு செத்துருச்சு."

"அந்தப் பாவத்துக்கே பத்து கூடப் போடணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஃபர்ஹானா அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அவள் அத்தா கிள்ளான் பாசாரில் முப்பது வருஷம் மீன் விற்றவர். இந்தச் சண்டை பகடைச் சண்டையைவிட அவளுக்குப் பழக்கமானது, கன்னம் சிவந்துவிட்டது. ஐந்து ஐந்தாக ஏறி, இரண்டு இரண்டாக இறங்கி, ஒரு தடவை அவள் எழுந்து வாசல்வரை போய், ஒரு தடவை இவர் பெட்டியில் ரிப்பன் கட்டத் தொடங்கி, பதினெட்டு நிமிஷத்துக்குப் பிறகு நாற்பது சிவநேசனுக்கு, இருபது ஃபர்ஹானாவுக்கு என்று நின்றது. கை குலுக்கினார்கள்.

கிஷன் கூட்டினான். கூட்டிவிட்டு மறுபடி கூட்டினான்.

"முந்நூத்தி தொண்ணூறு. முந்நூத்தி தொண்ணூறு. டிரா."

எல்லோரும் கைதட்டினார்கள். சிவநேசனும் தட்டினார். பாதித் தட்டலில் கை நின்றது. டிரா என்பது தோல்வி இல்லை. வெற்றியும் இல்லை. கிஷனின் விதி வெற்றியைத்தான் கேட்டது. கிஷனுக்கும் அது அப்போதுதான் உறைத்தது போல. அவன் வரிசைப் பட்டியல் இருந்த கோப்பைப் பார்த்தான், பிறகு யாரையும் பார்க்காமல் இருந்தான்.

பவுனம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிவநேசன் கையைக் காட்டி நிறுத்தினார். முப்பது வருஷ வியாபாரத்தில், பேரம் படிந்து, கை குலுக்கி, காசு எண்ணி முடித்த பிறகு, ஒவ்வொரு வாடிக்கையாளரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் அலுத்துக்கொண்டே கொடுத்திருக்கிறார். அவர் யாரிடமும் கேட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஃபர்ஹானா. பேரம் முடிஞ்சிருச்சு. சந்தோஷம். கொசுறு?"

ஃபர்ஹானாவின் வாய் திறந்தபடி நின்றது. அவளுடைய எல்லாப் பல்லும் தெரிந்தன. நல்ல பற்கள்.

"என்ன அண்ணே?"

"ஒரு புள்ளி. கொசுறு."

"கிஷன், இதுக்கு விதி இருக்கா?"

"எந்தப் பங்கீடும் செல்லும்னுதான் போட்டிருக்கேன்," என்றான் கிஷன், நான்கு வருஷத்துக்கு முந்தின தன்னையே நொந்துகொண்டு. "நீங்க குடுத்தா செல்லும் டாக்டர். குடுக்கணும்னு இல்ல."

ஃபர்ஹானா யானையைப் பார்த்தாள், தன் ஓநாயைப் பார்த்தாள், பவுனம்மாளைப் பார்த்தாள். பவுனம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அத்தா," என்றாள் கடைசியில், "ஒரு கிலோ கெம்போங் மீன் வித்தா ரெண்டு நெத்திலி அள்ளிப் போடுவாரு. கொசுறு கேட்டவங்களுக்கு இல்லன்னு சொன்னா மறுநாள் வலை காலியா வரும்னு சொல்லுவாரு." பெருமூச்சு விட்டாள். அது பாதியில் சிரிப்பாக மாறி, சிரிப்பு நிற்காமல் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "ஒன்னுதான். ரெண்டு கேட்டா ஓநாய விட்டுக் கடிக்கச் சொல்லுவேன். எழுதிக்க கிஷன்."

கிஷன் எழுதினான். பலகையைச் சுற்றி எட்டுத் தலையும் ஒரு பட்டுச்சேலையும் குனிந்து நின்று சரிபார்த்தன.

சிவநேசன்: கொன்ற உயிர் 230, பிடித்த இடம் 120, டமாய்ப் பங்கு 40, கொசுறு வரவு 1. மொத்தம் 391.

ஃபர்ஹானா: கொன்ற உயிர் 280, பிடித்த இடம் 90, டமாய்ப் பங்கு 20, கொசுறு செலவு 1. மொத்தம் 389.

இரண்டு சீசனுக்கும் சேர்த்து, சிவநேசன்: ஆட்டம் 20, தோல்வி 19, வெற்றி 1. பாக்கி இல்லை.